வெயிலுக்குப் படம் தேடிய நாட்கள்

செய்தித் தொழிலில் எழுதுவதற்கு எல்லாவற்றிலும் கஷ்டமான விடயம் வெயில்தான். வெள்ளம் வந்தால் முழங்காலா இடுப்பா என்று அளக்கலாம். புயல் வந்தால் முறிந்த மரத்தைக் காட்டலாம். விபத்தென்றால் நொறுங்கிய வாகனம் வீதியில் கிடக்கும். வெயில் ஒன்றையும் முறிக்காது, சத்தமும் போடாது. நேற்று நின்ற இடத்திலேயே இன்றைக்கும் நிற்கும். அதைப் போய் "இன்றைய செய்தி" என்று எழுதித் தரச் சொல்லி மின்விசிறிக்குக் கீழே இருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

நான் யாழ்ப்பாணத்தில் வெளிவரும் ஒரு தினசரியின் நிருபர். பதினொரு வருடமாக ஒரு ஸ்கூட்டியில் குடாநாட்டைச் சுற்றுகிறவள். போன வருட வெயில் காலம் என்னை ஓர் இடத்தில் இருக்க விடவில்லை. இருந்தால் கதிரை சுட்டது, எழும்பினால் தலை சுற்றியது, எழுதினால் எழுதியது பிழை என்று மனம் குத்தியது. நீங்களும் அதே வெயிலைக் குடித்தவர்கள்தானே. ஆகையால் விளக்கம் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீரில் நிற்கும் ஆட்கள்

எங்கள் செய்தி ஆசிரியர் நல்ல மனிதர். குரல் உயர்த்தமாட்டார். வாசலில் நிற்கும் காவலாளியைக்கூட "நீர்" என்றுதான் கூப்பிடுவார். பங்குனி மாதத்தில் ஒரு காலை, "வெயில் கூடிப்போச்சு, முதற்பக்கத்துக்கு ஒரு வெயில் படம் கொண்டுவாரும்" என்றார். எங்கள் அலுவலகத்தில் வெயில் படம் என்றால் மூன்றே மூன்றுதான். கீரிமலைக் கேணியில் இளைஞர்கள் பாய்வது, ஐஸ்கிரீம் கடையில் குடும்பமாக இருப்பது, ஒரு குடைக்குள் நாலு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போவது. ஐஸ்கிரீம் முந்தின வருடம் போட்டாயிற்று, குடை அதற்கும் முந்தின வருடம். ஆகவே கீரிமலை. படப்பிடிப்பாளர் யோகன் அண்ணை கமராப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறினார்.

உரும்பிராயைத் தாண்டும்போது யோகன் அண்ணை என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். வெங்காயத் தோட்டத்தில் ஆறேழு பெண்கள் குனிந்து நின்று வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்களின் பழைய முழுக்கைச் சேட்டுகளைத் தங்கள் சட்டைக்கு மேலே போட்டு, தலையில் துவாயைக் கட்டியிருந்தார்கள். மத்தியானம் ஒரு மணி. அண்ணை நாலைந்து படம் எடுத்தார். வரம்பில் இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களை நிமிர்ந்து பார்த்து, எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த நாள் முதற்பக்கத்தில் வந்தது கீரிமலைப் படம்தான். பையன்கள் அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தார்கள். படம் பார்த்த எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். எனக்கு மட்டும் அந்த அம்மா கேட்டது காதுக்குள் நின்றது.

"வெயிலைப் படமெடுக்கவோ கீரிமலைக்குப் போறியள்? ஏன் பிள்ளை, இஞ்சை எறிக்கிறது உங்களுக்குக் காணாதோ?"

எந்த இல்லம் முதலாமிடம்?

அதே மாதம் ஒரு பாடசாலையில், பிள்ளைகளை இல்லம் இல்லமாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி. பிரதம விருந்தினர் வரப் பிந்திவிட்டார். அணிநடைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் பந்தல் இல்லாத மைதானத்தில் முக்கால் மணித்தியாலம் அசையாமல் நின்றார்கள். பந்தல் எங்களுக்குத்தான் போட்டிருந்தது. எங்களுக்கு முன்னால் சோடாப் போத்தலும் வைத்திருந்தார்கள். முதலில் மேளம் தூக்கியிருந்த பிள்ளை சரிந்தாள். அவளைத் தூக்கப்போன பிள்ளையும் சரிந்தாள். நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே வேப்பமரத்தடியில் ஒரு வரிசை பிள்ளைகள் படுத்திருந்தார்கள். ஆசிரியைகள் காகித மட்டையால் விசிறினார்கள். நல்ல காலம், பின்னேரத்துக்குள் எல்லாரும் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் அதைத்தான் எழுதுவேன் என்று பாடசாலை அதிபருக்கு விளங்கியிருக்க வேண்டும். வாசல்வரை கூடவே வந்தார். கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார். நான் அலுவலகத்துக்குப் போனபோது செய்திக்கு ஒதுக்கிய இடம் கேடயம் வாங்கும் படத்துக்கே சரியாக இருந்தது. மயங்கிய பிள்ளைகள் கடைசிப் பந்தியில் ஒரு வரியாக இருந்தார்கள், பக்கம் கட்டும்போது அந்த வரியும் வெட்டுப்பட்டுப் போனது. அதிபர் சொன்னது இதுதான்:

"பிள்ளையள் மயங்கிறது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது, அது செய்தியில்லை. எந்த இல்லம் முதலாமிடம் எண்டதுதான் செய்தி."

உச்சம் கொடுக்கும் ஊர்கள்

சித்திரையில் ஒவ்வொரு வருடமும் வானிலை அலுவலகத்தில் இருந்து ஓர் அறிக்கை வரும். சூரியன் இன்றைக்கு எந்தெந்த ஊர்களுக்கு நேர் மேலே நிற்கும், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு நிற்கும் என்று ஊர்ப் பெயர்களோடு அனுப்புவார்கள். நாங்கள் அப்படியே பெட்டி கட்டிப் போடுவோம். அதில் எழுத ஒன்றுமில்லை, யோசிக்க ஒன்றுமில்லை. அதனால் எங்கள் எல்லாருக்கும் பிடித்த செய்தி அது.

போன வருடம் அதைப் போட்ட அன்று காலை அச்சுவேலியில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். பக்கத்து ஊர்களின் பெயர் எல்லாம் வந்திருக்கிறதாம், அச்சுவேலி மட்டும் இல்லையாம். "எங்களுக்கு மேலாலை போகேக்கை சூரியன் கண்ணை மூடிக்கொண்டோ போறவர்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு, எல்லா ஊரையும் போட இடம் காணாது, ஒன்றிரண்டை உதாரணத்துக்குத்தான் போடுகிறார்கள் என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. தன் மனைவி படுக்கையில் இருக்கிறா என்றும், தகரக் கூரை என்றும், அந்த நேரத்தில் அவவை எந்த அறைக்கு மாற்றுவது என்று பார்க்கத்தான் பத்திரிகையை எடுத்ததாகவும் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நான் பேனையைத் தேடுவதுபோல் மேசையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"நேரம் நிமிஷக் கணக்கிலை போட்டிருக்கிறியள், சரி. அந்த நிமிஷத்திலை நாங்கள் என்ன செய்யிறது எண்டு ஒரு வரி போடேல்லையே, பிள்ளை?"

வீதியில் முட்டை

ஒரு தொலைக்காட்சிக்காரர் முட்டையோடு வந்தார். சாவகச்சேரிப் பக்கம் புதிதாகத் தார் போட்ட வீதியொன்றில் முட்டையை உடைத்து ஊற்றினால் பொரியும், அதைப் படம் பிடித்தால் இலட்சம் பேர் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. எங்கள் அலுவலகமும் முகநூலுக்கு அதே காட்சி வேண்டும் என்று என்னை விரட்டியது. முதல் முட்டை புழுதியோடு சேர்ந்து ஓடியது. இரண்டாவதை ஒரு தகரத்தில் ஊற்றினார். அது ஓரத்தில் கொஞ்சம் வெளுத்து, பிறகு மனம் மாறியதுபோல் அப்படியே கிடந்தது. கடைசியில் பக்கத்துத் தேநீர்க்கடையில் தாச்சியை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, ஓடிவந்து வீதியில் வைத்து, அதில் முட்டையை ஊற்றினார்கள். நன்றாகப் பொரிந்தது. கமராவுக்கு வெயில் அடிக்காமல் குடை பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். எங்கள் முகநூல் பக்கத்தில் அந்தக் காட்சியைப் போடாமல் விட்டதற்காக அன்று பின்னேரம் ஏச்சும் வாங்கினேன்.

எங்களுக்குப் பின்னால், நூறு யார் தூரத்தில், வீதி வேலைக்காரர் பத்துப்பேர் தாரும் கல்லுமாக நின்றார்கள். தார்ப் பீப்பாவின் கீழே நெருப்பு எரிந்தது, மேலே வெயில். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், பிறகு குடையைச் சரிசெய்தேன். தாச்சியைத் திருப்பி வாங்கவந்த தேநீர்க்கடைக்காரர், அதன் அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே தொலைக்காட்சிக்காரரிடம் சொன்னார்:

"தம்பி, றோட்டு சுடுதோ எண்டு தெரிய வேணுமெண்டால் உதிலை தார் ஊத்துற ஆக்களைக் கேட்டிருக்கலாமே. முட்டையை ஏன் வீணாக்கினனீங்கள்?"

நாலு வரி

அடுத்த கிழமை, மத்தியானச் சாப்பாட்டை வாயில் வைக்கும்போது பொலிஸில் இருந்து வழமையான தகவல் வந்தது. ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு மறு கையால் தட்டச்சுச் செய்தேன். "சாவகச்சேரிப் பகுதியில் வீதித் திருத்த வேலையில் ஈடுபட்டிருந்த ஐம்பத்திரண்டு வயதான குடும்பஸ்தர் ஒருவர் நேற்றுத் திடீரென மயங்கி விழுந்து உயிரிழந்துள்ளார்." பெயர் தவராசா. வீதியின் பெயரோடு இன்னும் இரண்டு வசனம் சேர்த்து நாலு வரி ஆக்கி அனுப்பினேன். ஐந்தாம் பக்கத்தின் மூலையில் வந்தது. அந்த வீதியின் பெயரை அச்சில் பார்த்தபோதுதான் நான் குடை பிடித்த வீதி என்று உறைத்தது. அந்தப் பத்துப்பேரில் ஒருவர். எவர் என்று நினைவில் தேடிப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை, முட்டைதான் வந்தது.

அன்று பத்து மணிபோல் ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். சுகந்தி, தவராசாவின் மகள், முன்பள்ளி ஆசிரியை. அழுவாள், ஏசுவாள் என்று நினைத்து நான் எழும்பி வாசலுக்குப் போனேன். அவள் இரண்டும் செய்யவில்லை. செய்தியை எழுதியது நான்தானா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

"அக்கா, 'திடீரென' எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

மூன்று நாள்

தொலைபேசியை வைத்துவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். யோகன் அண்ணையும் வந்தார். கமராவை வெளியே எடுக்கவில்லை. வீட்டில் இன்னும் பந்தல் இருந்தது. தாய் சுவரில் சாய்ந்தபடி இருந்தார், எங்களைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. சுகந்தி எங்களுக்கு இருக்க ஒரு வாங்கை இழுத்துப் போட்டுவிட்டு, பாடம் நடத்துகிற மாதிரி ஒழுங்காகச் சொன்னாள். முதல் நாள் தகப்பன் வேலையால் வந்து குனிந்து செருப்பைக் கழற்ற முடியாமல் நின்றார். கெண்டைக்கால் இரண்டும் கல்லுப்போல் இறுகியிருந்தன. அவள்தான் எண்ணெய் போட்டு உருவிவிட்டாள். இரண்டாம் நாள் தலையிடி. தலையில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினார், தின்ற சோற்றைச் சத்தி எடுத்தார். மூன்றாம் நாள் விடிய மகளைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தத் தங்கை செத்து எத்தனையோ வருடம். பிழையை உணர்ந்து தானே சிரித்தாராம். இன்றைக்குப் போகவேண்டாம் என்று இவள் சைக்கிளைப் பிடித்திருக்கிறாள். "இண்டைக்கு நான் நிண்டால் நாளைக்கு அந்த இடத்திலை வேறை ஆள் நிக்கும்" என்று கையை எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று மத்தியானம், கூட வேலைசெய்யும் குணம் என்பவரிடம் "என்ரை சைக்கிள் எங்கை?" என்று இரண்டு முறை கேட்டாராம். சைக்கிள் கண்ணுக்கு முன்னாலேயே நின்றிருக்கிறது. பிறகு விழுந்தார். தூக்கியபோது உடம்பில் ஒரு துளி வேர்வை இல்லை, தொட்ட கை சுட்டது என்று குணம் சொல்லியிருக்கிறார். மரண விசாரணையில் மாரடைப்பு என்று எழுதியிருந்தார்கள். அது பொய்யில்லை, நெஞ்சு நின்றுதான் போனது. அது ஏன் நின்றது என்பதற்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை, என் நாலு வரியிலும் இருக்கவில்லை. நான் குறிப்புப் புத்தகத்தை மூடும்போது சுகந்தி சொன்னாள்:

"நான் ஒருத்தரையும் பிழை சொல்லச் சொல்லேல்லை. அப்பா மூண்டு நாளா எங்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தவர். அது திடீரெண்டு இல்லை அக்கா, அவ்வளவுதான்."

மற்ற ஆட்கள்

அடுத்த நாள் காலை யோகன் அண்ணையோடு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். தண்ணீர் ஒரு நீலப் பீப்பாவில், வெட்டவெளியில் வைத்திருந்தது. குடித்துப் பார்த்தேன், தேயிலை போட்டால் சாயம் இறங்கியிருக்கும். நிழல் என்றால் லொறியின் நிழல்தான். அதுவும் உச்சி நேரத்தில் லொறிக்குக் கீழேயே சுருண்டுவிடும். மேற்பார்வையாளர் லொறியின் முன் ஆசனத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். என்னைவிட இளையவர். கொடுமைக்காரர் மாதிரியும் இல்லை; எனக்குக் குளிர்ந்த போத்தல் ஒன்றை நீட்டினார். ஒப்பந்தக்காரர் முடிக்கச் சொன்ன திகதிக்கு முடிக்கவேண்டும், அதற்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். ஓய்வு நேரம் கேட்டேன். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். தவராசா மூன்று நாளாகச் சுகமில்லாமல் இருந்தது தெரியுமா என்று கேட்டேன். தவராசா தன்னிடம் சொல்லவில்லை என்றார். அது உண்மையாக இருக்கலாம். பிறகு அவர் என்னைக் கேட்ட கேள்விக்கு இன்றுவரை நான் வெவ்வேறு மறுமொழிகளை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, வெயில் எல்லாருக்கும் ஒண்டுதானே. அதாலை எண்டால் மற்ற ஆக்களும் விழுந்திருக்க வேணுமே?"

மரத்தடி

எனக்கு அந்தக் கேள்வி கோபத்தைக் கொடுத்தது. வேலை முடியும்வரை இந்த ஆட்களோடு வெயிலிலேயே நிற்பது என்று தீர்மானித்தேன். யோகன் அண்ணை, "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டார். தலையில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு நின்றேன். யார் எத்தனை முறை தண்ணீர் குடிக்கிறார்கள், யார் எப்போது குந்துகிறார்கள் என்று எழுதினேன். பதினொரு மணிக்கு எழுத்து நேராக இருந்தது. பன்னிரண்டுக்குக் கோடு விட்டு இறங்கியது. பிறகு எழுதியதை இன்றைக்கும் என்னால் வாசிக்க முடியவில்லை. யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள், நான் ஏதோ சொன்னேன். அதற்குப் பிறகு நான் சாய்ந்துகொண்டு போனதும் ஒரு கை என் முழங்கையைப் பிடித்ததும்தான் தெரியும்.

பிடித்தவர் குணம். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர். நனைத்த சாக்கொன்றை என் தலையில் போட்டு, தன் போத்தல் தண்ணீரை என் கழுத்தில் ஊற்றினார். தூரத்தில் நின்ற ஒற்றைப் பூவரச மரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போகச் சொல்லி யோகன் அண்ணையிடம் ஒப்படைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்களும் வந்து கொஞ்ச நேரம் இருங்கோ அண்ணை என்றேன். அவர் லொறிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கல் அள்ளும் சவளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீங்கள் போகலாம் தங்கச்சி. நாங்கள் கேட்டுத்தான் போகவேணும்."

உப்பு

இரண்டு நாள் எழுதினேன். எழுதுவதும் எழும்பி நடப்பதும் திரும்ப வந்து அழிப்பதுமாக இருந்தேன். கடைசியில் தவராசாவின் மூன்று நாளையும் நடந்த ஒழுங்கில் எழுதி ஆசிரியரின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அறிக்கை மாரடைப்பு எண்டு சொல்லுது. வெயில் கொண்டது எண்டு நாங்கள் போட ஏலாது" என்றார். "நான் அப்பிடி எழுதேல்லை சேர். வெயில் எண்ட சொல்லை எண்ணிப் பாருங்கோ" என்றேன். அவர் உண்மையாகவே விரல் வைத்து எண்ணப் பார்த்தார், ஒன்றுகூட இல்லை. பிறகு யார் யாரோடு கதைத்தேன், ஒப்பந்தக்காரரிடம் கேட்டேனா, மகள் பெயர் போடச் சம்மதித்தாளா என்று கேட்டார். ஒப்பந்தக்காரர் கதைக்க மறுத்ததையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னார். நான் உணர்ச்சிவசப்பட்டு எழுதிய கடைசிப் பந்தியை வெட்டினார். வெட்டியது சரி என்று இப்போது தெரிகிறது. அப்போது அவரோடு அன்று முழுக்க முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மிச்சம் படம்தான். யோகன் அண்ணை நாலு படம் எடுத்து வைத்திருந்தார். அதில் ஒன்றில் ஆள் இல்லை. வேலை முடிந்து குணம் கழற்றி லொறிக் கம்பியில் காயப்போட்ட சேட். கறுப்புச் சேட்டின் முதுகில், வேர்வை காய்ந்து காய்ந்து, உப்பு வெள்ளை வளையம் வளையமாகப் படிந்திருந்தது. ஆசிரியர் அதைத் தூரவும் கிட்டவும் பிடித்துப் பார்த்தார். "வாசகருக்கு இது வெயில் மாதிரித் தெரியாதே, யோகன்" என்றார். இருபது வருடமாக ஆசிரியர் சொன்னதுக்கு எல்லாம் தலையாட்டிய யோகன் அண்ணை அன்றைக்கு ஆட்டவில்லை.

"சேர், வெயில் எண்டால் உதுதான். இவ்வளவு நாளும் நாங்கள் போட்டது தண்ணி."

திருத்தம்

கட்டுரையோடு ஒரு திருத்தமும் போடவேண்டும் என்று கேட்டேன். பெயர் பிழைத்தால் திருத்தம் போட்டிருக்கிறோம், வயது பிழைத்தால், இடம் பிழைத்தால் போட்டிருக்கிறோம் என்று ஆசிரியர் தொடங்கினார். "திடீரென" என்ற சொல்லுக்கு யாரும் திருத்தம் போட்டதைத் தான் காணவில்லை என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே காகிதத்தை இழுத்துத் தானே எழுதினார். "திரு. தவராசாவின் மரணம் குறித்த செய்தியில் அவர் திடீரென மயங்கி விழுந்ததாகக் குறிப்பிட்டிருந்தோம். அவர் அதற்கு முன்னர் மூன்று நாட்களாகச் சுகவீனமுற்றிருந்தார். தவறுக்கு வருந்துகிறோம்." இரண்டாம் பக்கத்தில், தீப்பெட்டி அளவில் வந்தது.

அன்று பின்னேரம் சுகந்தி தொலைபேசி எடுத்தாள். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பெட்டிக்குள்ளை போட்டதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான், அக்கா. அண்டைக்குப் பிறகு அவ இண்டைக்குத்தான் வாய் திறந்து 'பசிக்குது' எண்டவ."

ஒரு கடிதம்

கட்டுரை ஊரைப் புரட்டிப்போட்டது என்று சொல்ல ஆசைதான். இணையத்தில் அதைவிட அன்றைய ஐஸ்கிரீம் கடைத் திறப்பு விழாவைத்தான் ஆட்கள் அதிகம் பார்த்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இரண்டு முறை தொலைபேசியில் மிரட்டினார்கள். ஆசிரியர் இரண்டு முறையும் "நீர் உம்மடை மறுப்பை எழுதி அனுப்பும், போடுறம்" என்று மரியாதையாகச் சொல்லி வைத்தார். மறுப்பு வரவில்லை. பத்து நாள் கழித்து, வீதி வேலையைப் பார்க்கும் அலுவலகத்தில் இருந்து ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. பதினொரு மணி தொடக்கம் மூன்று மணிவரை தார் வேலை நிறுத்தப்படவேண்டும், நிழலும் குடிதண்ணீரும் இருக்கவேண்டும் என்று. குணம் எனக்குத் தொலைபேசி எடுத்து, தறப்பாள் கட்டியிருக்கிறார்கள், காற்றுக்கு ஒரு பக்கம் கழன்று பறக்கிறது, ஆனால் நிழல் நிழல்தான் என்றார். நான் போய்ப் பார்த்தேன். பத்துப் பேர் இல்லை, ஒன்பது பேர் அதற்குக் கீழே காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். யோகன் அண்ணை படம் எடுக்கவில்லை. நித்திரையைக் குழப்பக்கூடாது என்றார்.

கடிதத்தைப் பற்றி ஆறு வரிச் செய்தி போட்டோம். மறுநாள் காலை, அலுவலகம் திறந்தவுடனேயே, ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். சீமெந்துக் கல்லை அச்சில் போட்டு அரியும் இடத்தில் வேலை செய்கிறாவாம். எட்டுப் பெண்கள், தகரக் கொட்டில்கூட இல்லை. செய்தியை இரண்டு முறை வாசித்ததாகவும், அதில் வீதி வேலை என்று மட்டும் இருப்பதாகவும் சொன்னார். நான் அது வேறு அலுவலகம், இது வேறு, தொழில் சட்டம் அது இது என்று இழுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கல் அரியும் இயந்திரம் பின்னால் இரைந்தது. நான் முடித்ததும் சொன்னார்:

"உதெல்லாம் எனக்கு விளங்காது, தங்கச்சி. உந்தக் கடிதம் எழுதின ஆளின்ரை நம்பரைச் சொல்லுங்கோ. பேனை கையிலைதான் கிடக்கு."

நம்பரைத் தேடிக் கொடுத்தேன். பதினொரு வருடம் வெயிலைப் பற்றி எழுதியதில் ஒரே ஒரு வீதியில் நாலு மணித்தியாலம் நிழல் விழுந்திருக்கிறது, இந்த வேகத்தில் போனால் நான் ஓய்வு பெறுவதற்குள் குடாநாட்டில் கால்வாசியைக்கூட மூடி முடியாது, ஆகையால் அதுவரைக்கும் எல்லாரும் தயவுசெய்து தொப்பி போடுங்கள்.